ஏழு பூனைகளுக்கும் நான் உரிமையாளன் அல்ல

அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதும் கடிதம். என் முழங்கால் நீங்கலாக இங்கே யாவும் சுகம். உன் இடுப்பு நீங்கலாக அங்கேயும் யாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

நீ குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறாய். அதை ஒரு மாதம் கழித்து, மாடிக் குழாய் ஒழுகுகிறது என்ற சேதிக்குக் கீழே ஒற்றை வரியில் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிற லட்சணமா இது? இதோ புறப்பட்டு வருகிறேன் என்று அன்றைக்கே அட்டை போட்டேன். அட்டை வந்து சேர்ந்திருக்கும், ஆள்தான் வந்து சேரவில்லை. நான்கு வருஷமாக ‘வந்து என்கூட இருடா’ என்று நீ ஒற்றைக்காலில் நிற்கிறாய், நான் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். இந்தத் தடவை சாக்கு இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் மூட்டை முடிச்சோடு வருகிறேன். இனி உன் வீடுதான் என் வீடு. நடுவில் இந்தப் பதினெட்டு நாள் எங்கே போயிற்று என்று கேட்பாய். அதைச் சொல்லாமல் உன் முகத்தில் விழிக்க முடியாது.

நான் குடியிருப்பது ஒரு சலவை நிலையத்தின் பின்கட்டில் என்பது உனக்குத் தெரியும். மாடியில் ஒரு பல் டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். கீழே என் அறைக்கு எதிரே முற்றம். மதியம் இரண்டு மணிக்கு மேல் இந்த முற்றத்தில் எதுவுமே நிச்சயமாக இருக்காது. கொதிகலனின் ஆவி இறங்கி வந்து நின்றுகொள்ளும். நாற்பது ஐம்பது வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கொடியில் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு வால் மட்டும் போகும். அதற்கு முன்னால் பூனை இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பூனைகள் அங்கே சேர்ந்ததற்குக் காரணம் தகரக் கூரையின் சூடு. நான் அவற்றோடு சேர்ந்ததற்குக் காரணம் ஐந்து மணி. முப்பத்து நாலு வருஷம் நகராட்சிச் சட்டப் பிரிவில் விதிமுறைகளுக்கு வரைவு எழுதியவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் ஐந்து மணி ஆனால் உடம்பு தானாக எழுந்து நின்றுவிடும். எழுந்து நின்றவனுக்குப் போக இடம் வேண்டாமா? ஒருநாள் முற்றத்துக்குப் போனேன், கையில் மத்தியானம் மிஞ்சிய மீன் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். மறுநாள் ஐந்து மணிக்கு ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ஏழு.

பெயர் வைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் அடையாளம் வேண்டியிருக்கிறது. கிழிந்த காதோடு நடுவில் உட்காருபவர் தலைமை எழுத்தர். தட்டை மோந்து பார்த்துக் குறை கண்டுபிடிப்பது தணிக்கை. எப்போதும் கடைசியில் வருவது நிலுவை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நடப்பது மருத்துவ விடுப்பு. ஒன்றுபோலவே இருக்கும் குட்டிகள் இரண்டும் முதல் நகல், இரண்டாம் நகல். கறுப்பாக ஒருத்தி, அவளுக்கு எந்தப் பெயரும் ஒட்டவில்லை, ஆகவே மேற்படியாள். ஆபீஸில் என்னை ‘உட்பிரிவு’ என்று கூப்பிட்டு முதுகுக்குப் பின்னால் சிரித்தார்களே, அந்த வஞ்சத்தை இவற்றின் தலையில் தீர்த்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

எல்லாம் நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் உன்னிடம் புறப்படுவதற்காகப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு, பல் டாக்டரின் நாற்காலியில் மேற்படியாள் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறாள். டாக்டர் கையலம்பிவிட்டுத் திரும்பி, முகத்தைப் பார்க்காமலே விளக்கைத் தாழ்த்தி, ‘நல்லா வாயத் திறங்க’ என்று சொல்லியிருக்கிறார். திறந்தாளாம். மனுஷர் ஆடிப்போய் நகராட்சிக்குப் புகார் எழுதிவிட்டார். மூன்றாம் நாள் விலங்குப் பிரிவு ஆய்வாளர் அம்மா வந்து நின்றாள். சின்ன வயசு, நல்ல பொறுமை, தோளில் கனமான பை. விதிப் புத்தகத்தைப் பிரித்து, ‘சார், தொடர்ந்து ஏழு நாள் ஒரு பிராணிக்கு யார் சாப்பாடு போடறாங்களோ அவங்கதான் அதுக்கு உரிமையாளர். ஒரு வீட்டுக்கு மூணு பூனைதான் கணக்கு. நீங்க ஏழு வச்சிருக்கீங்க. மிச்சம் நாலைப் பிடிச்சிட்டுப் போகணும்’ என்றாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். என்ன கச்சிதமான வாசகம் அக்கா. வழிப்போக்கன் என்றைக்கோ ஒருநாள் போட்ட ரொட்டிக்குத் தப்பிவிடுவான், தினம் போடுகிறவன் எந்தப் பக்கமும் நழுவ முடியாது. எவன் எழுதியதோ, கெட்டிக்காரன் என்று மெச்சிக்கொண்டே தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. எழுதியவன் நான்தான்.

அந்த மதியம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அல்லது ஞாபகம் இருப்பதாகத் தோன்றுகிறது. மேலே விசிறி, கீழே நான், நடுவில் தூக்கம். தெரு மாடுகளை அவிழ்த்துவிட்டு ‘என்னுது இல்ல’ என்று சொல்கிறவர்களைப் பிடிக்க ஒரு விதி கேட்டார்கள். மாடு என்று மட்டும் எழுதியிருக்கலாம். பெரிதாக இருக்கட்டுமே என்று பிராணி என்று எழுதினேன். ஒரு மனிதன் ஐந்து மணிக்கு மீன் தலையோடு போய் நிற்பான் என்று நான் அப்போது கண்டேனா?

பிடித்துக்கொண்டு போவதை எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். ஊருக்கு வெளியே ஒரு கொட்டடி இருக்கிறதாம். அங்கிருந்து எத்தனை திரும்பி வரும் என்று கேட்டதற்கு அந்த அம்மா பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். நான் வருவதை ஒத்திப்போட்டது அந்தப் பையின் வாரைப் பார்த்துத்தான். என்னை நம்பி உட்கார்ந்திருப்பவற்றை, நான் எழுதிய வரியே வந்து வாரிக்கொண்டு போகும்போது, நான் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வர முடியுமா?

சட்டம் எழுதியவனுக்குத்தான் அதில் எங்கே ஓட்டை என்று தெரியும். தொடர்ந்து ஏழு நாள். அப்படியானால் ஆறு நாள் போட்டு ஒருநாள் நிறுத்தினால் நான் யாரோ, பூனை யாரோ. பெருமை தாங்கவில்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே கதவைச் சாத்தி, ரேடியோவை நிறுத்தி, வீட்டில் ஆள் இல்லாத மாதிரி கட்டிலில் படுத்துக்கொண்டேன். கதவிடுக்கில் பார்த்தால் ஏழும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கத்தவில்லை, பிறாண்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கின்றன. கத்தியிருந்தால் தேவலை. கண்ணை மூடிக்கொண்டேன், அப்படியே தூங்கியும் போனேன். கனவில் பழைய குழு அறை. மேஜையைச் சுற்றி ஏழும் உட்கார்ந்திருக்கின்றன, ஜன்னல் வழியே ஆவி வந்துகொண்டிருக்கிறது. தலைமை எழுத்தர் என்னிடம் ஒரு கோப்பைக் கொடுத்து, ‘உணவளிப்பவர் என்றால் யார், அந்த வரையறையைப் படிக்கவும்’ என்கிறார். பிரிக்கிறேன், உள்ளே தாள் இல்லை, மடித்து வைத்த படுக்கை விரிப்பு. இன்னும் பிரிக்கிறேன், இன்னும் விரிப்பு. அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. யாரும் கோபிக்கவில்லை. நிலுவை மட்டும் தாமதமாக உள்ளே வந்து, ‘அவசரமில்ல, நாங்க இருக்கோம்’ என்றது. விழித்தபோது முகம் நனைந்திருந்தது. ஆவி என்று எண்ணிக்கொண்டேன். மணி ஆறரை, அவை அப்படியே உட்கார்ந்திருந்தன. நான் அசையவில்லை.

இந்தச் சாமர்த்தியத்தின் பலன் மறுநாளே வந்தது. பல் டாக்டர் இரண்டாவது புகார் கொடுத்துவிட்டார், நான் பூனைகளைப் பட்டினி போடுகிறேன் என்று. படியேறிப் போய்க் கேட்டேன். ‘நான் புகார் குடுத்தது அது நாற்காலியில தூங்கினதுக்கு சார். பட்டினி போடச் சொல்லல’ என்றார். மனுஷர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க ஜன்னலில் நின்று அந்த வரிசையைப் பார்த்திருக்கிறார். பார்க்க முடியாமல் ஏழு மணிக்குப் பாலை எடுத்துக்கொண்டு கீழே வந்திருக்கிறார். ஆய்வாளர் அம்மா மறுபடி வந்தாள், இந்தத் தடவை கையில் இரண்டு நோட்டீஸ். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘சார், நீங்களே சொல்லுங்க. ஏழு நாளும் சாப்பாடு போட்டிருந்தா ஏழு பூனை வச்சது குத்தம். ஒருநாள் போடலைன்னா பட்டினி போட்டது குத்தம். நான் எதைக் கிழிக்கட்டும்?’ என்று கேட்டாள். முப்பத்து நாலு வருஷத்தில் என்னை இப்படி மடக்கிய ஆள் இல்லை. இரண்டையும் கிழிக்கலாம் என்று யோசனை சொன்னேன். சிரித்தாள். பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்தாள்.

புதுத் திருத்தம் அக்கா. ஆறு மாதம் முன்னால் வந்ததாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. வெளியில் திரியும் பூனைகளுக்கு உரிமையாளர் தேவையில்லை, பதிவு பெற்ற ஒரு பொறுப்பாளர் இருந்தால் போதும். குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியில் துளி வெட்டி, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பொறுப்பாளர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சாப்பாடு வைக்க வேண்டும், தட்டைக் கழுவ வேண்டும், ஏழு நாளுக்கு மேல் ஊரை விட்டுப் போகக் கூடாது. மாதக் கடைசிக்குள் அப்படி ஒருவர் பதிவு செய்யாவிட்டால் ஏழும் கொட்டடிக்கு. தாளை இரண்டு தடவை படித்தேன். இதை எழுதியவன் மதியத்தில் தூங்காதவன். பொறாமையாகக்கூட இருந்தது.

ஏழு நாளுக்கு மேல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற வரியைப் படித்ததுமே எனக்கு உன் ஈரத்தரைதான் கண்ணில் வந்தது. ஆகவே நான் பொறுப்பாளர் ஆக முடியாது என்று சொல்லிவிட்டேன். யார் தலையிலாவது கட்ட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். சலவை நிலையக்காரரிடம் கேட்டேன். ‘வெள்ளைத் துணி சார், ஒரு முடி ஒட்டினாலும் ஆஸ்பத்திரிக்காரன் திருப்பி அனுப்பிடுவான்’ என்று கையெடுத்துக் கும்பிட்டார். இதற்கிடையில் ஆய்வாளர் அம்மா பூனை பிடிக்கிற கூண்டு ஒன்றைப் பழக்கப்படுத்துவதற்காக முற்றத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே மீன் துண்டை வைக்கப் போனவன் நான். கதவு படாரென்று விழுந்து முழங்கைவரை மாட்டிக்கொண்டேன். ஏழும் வந்து சுற்றி உட்கார்ந்து பார்த்தன. தணிக்கை என் விரல்களை ஒவ்வொன்றாக மோந்தது. அரை மணி கழித்து சலவை நிலையக்காரர் வந்து விடுவித்துவிட்டு, ‘காதையும் வெட்டிடலாமா சார்?’ என்று கேட்டார். அவரும் தமாஷ் பேசுவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசியில் பல் டாக்டர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்றிய கை அது, மறுத்தால் நான் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் மனுவை நானே நிரப்பினேன். போன புதன்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு பழைய ஆபீஸுக்குப் போனேன். அக்கா, அந்த அறை மாறவேயில்லை. அதே விசிறி, அதே பச்சைச் சுவர், தூசி வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. என் மேஜையில் இப்போது இருக்கும் குமாஸ்தா தேநீர் குடிக்கப் போயிருந்தார். மற்றவர்கள் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நிற்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் ஒருவர் மனுவை நீட்டினார். நான் வாங்கினேன். படித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, தட்டில் வைத்தேன். இன்னொருவர் வந்தார். அதற்கும் போட்டேன். ஒரு அம்மா சாக்கடை அடைப்பைப் பற்றி அழுதாள், வெள்ளிக்கிழமைக்குள் சரியாகும் என்று உறுதி சொன்னேன். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது என்பது அந்த வெயிலில் நினைவுக்கே வரவில்லை. நான் கொண்டுபோன பூனை மனுவும் கைக்கு வந்தது, அதிலும் கைப்பழக்கத்தில் ஒப்பம் போட்டுத் தட்டில் வைத்துவிட்டேன். குமாஸ்தா திரும்பி வந்தபோது நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அவர் தட்டிலிருந்த கத்தையை எடுத்தார். சுருக்கொப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ஒன்றையும் படிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். நல்ல பயிற்சி. நான்தான் அந்த வழக்கத்தை அங்கே ஏற்படுத்தினேன்.

ஆக, காரியம் முடிந்தது. பூனைகள் டாக்டர் பொறுப்பு. நான் அவற்றுக்கு உரிமையாளனும் அல்ல, பொறுப்பாளனும் அல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பக்கத்து வீட்டுக்காரன்கூட அல்ல. மனசு ரொம்ப லேசாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத நான்கு மதியம் பிடித்தது, நடுநடுவே தூங்கிவிட்டேன். எந்தப் பத்தி விழித்திருந்தபோது எழுதியது என்று கேட்காதே. உன் இடுப்புக்கு ஒத்தடத்தை விடாதே. குளிக்கப் போகும்போது கதவைத் தாழ்ப்பாள் போடாதே. பெரியவளாகிய உன் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வந்து சேரவிருக்கும்
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ஆய்வாளர் அம்மா வந்து பொறுப்பாளர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அட்டையில் இருப்பது டாக்டர் பெயர் இல்லை, என் பெயர். ஐந்து வருஷத்துக்குச் செல்லும்.

கைப்பழக்கம் என்று மேலே எழுதினேனே, அது பொய். அன்றைக்கு என் பையில் இரண்டு மனு இருந்தது. ஒன்று டாக்டருடையது. இன்னொன்று அதற்கு முந்தின வாரமே என் பெயரில் நான் எழுதி வைத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் நன்றாகப் படித்தேன், எனக்குத் தூக்கமே வரவில்லை. டாக்டர் மனுவைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, என் மனுவுக்கு நானே ஒப்பம் போட்டேன். வேலையில் இருந்தவரை ஒரு தப்புக் காரியம் செய்யாதவன், ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்துச் செய்தேன். டாக்டரிடம் சொன்னேன். ‘அப்ப எனக்கு ஞாயிற்றுக்கிழமையாவது குடுங்க சார்’ என்கிறார்.

அக்கா, நான் வரவில்லை. கோபித்துக்கொள், ஆனால் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். என்னை எதிர்பார்த்துத் தினம் யாராவது உட்கார்ந்திருப்பது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான், நான்கு வருஷமாக நீ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. உன்னை விட்டுவிட்டு இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இவற்றை விட்டுவிட்டு உன்னையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதனால் நீ இங்கே வந்துவிடு.

என் அறையை ஒட்டி ஒரு அறை காலியாகிறது, தரையோடு இருக்கிறது, படி கிடையாது. அங்கே குளியலறைத் தரையில் நானே தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நான்கு தடவை நடந்து பார்த்தேன், வழுக்கவில்லை. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துத் தருவதாகச் சலவை நிலையக்காரர் சொல்லியிருக்கிறார். உனக்குப் பூனை பிடிக்காது என்பது தெரியும். அவற்றுக்கும் உன்னைப் பிடிக்காமல் போகலாம், போகப்போகச் சரியாகும்.

இத்தோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன், துணைப் பொறுப்பாளர் நியமனம். உன் பெயர், வயசு, படிப்பு எல்லாம் எழுதிவிட்டேன். விலாசம் என்ற இடத்தில் இந்த விலாசத்தையே எழுதிவிட்டேன். பொறுப்பாளருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது, அக்கா என்று எழுதினேன். அதற்குக் கீழே ‘சொந்த விருப்பத்தின் பேரில் வருகிறாரா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புவது இது ஒன்றைத்தான்.